சமூகப்பணிக் கல்வியில் கற்றல் சிரமமுள்ள மாணவர்: ஒரு வரலாற்றுப் பார்வை



போன வருஷம் ஓர் இரவு என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஆரம்பப் பள்ளியிலேயே அவனுக்கு டிஸ்லெக்சியா என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கிறான். அப்போது களப்பயிற்சியில் இருந்தான்.

"டீச்சர், ஒரு வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டிகிட்ட உட்கார்ந்து பேசுறது எனக்குக் கஷ்டமே இல்ல. திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதும்போதுதான் எழுத்தெல்லாம் கலங்குது. 'எழுத வராதவனுக்கு இந்த வேலை எதுக்கு'ன்னு கேட்டுட்டாங்க. நின்னுடலாமான்னு பார்க்கிறேன்."

அன்று அவனுக்கு ஆறுதல் சொன்னேனே தவிர, சரியான பதில் என்னிடம் இல்லை. பதிலைத் தேடித்தான் வரலாற்றைப் புரட்டினேன். கண்டதை உங்களோடு பகிர்கிறேன்.

தோட்டத்துப் பள்ளியில் பெயரில்லாத சிரமம்

கூலிம், கோல மூடா, பண்டார் பாரு வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பல தோட்டங்களில் பள்ளி என்றால் ஒரே அறை, ஒரே வாத்தியார். நாலைந்து வகுப்புகள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அங்கே கிடைத்த பெயர் 'மக்கு', 'சோம்பேறி'. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை பால்வெட்டுக்கு அம்மாவோடு போய்விடும். யாரும் தேடமாட்டார்கள்.

ஆனால் உலகத்தில் அந்தச் சிரமத்துக்கு அப்போதே பெயர் வந்துவிட்டது. 1896இல் பிரிட்டனில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவாளி, கணக்கு நன்றாக வரும், வாசிப்பு மட்டும் வரவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். 1943இல் லியோ கேனர் ஆட்டிசம் பற்றி எழுதினார். 1990களில், மூளை வேலை செய்யும் விதம் ஆளுக்கு ஆள் மாறுவது இயல்பு என்று சொல்லும் 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து பரவியது. டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. மூன்றும் இதில் அடங்கும்.

சமூகநல இலாகா பிறந்த காலம்

ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. போர் முடிந்தபோது லயங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும்தான் மிஞ்சினார்கள். இப்படிப்பட்ட போர்க்காலத் துயரங்களுக்கு நடுவே 1946இல் சமூகநல இலாகா தொடங்கப்பட்டது.

இந்த வேலைக்கு நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பது விரைவில் புரிந்தது. 1952இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் சமூகப்பணிப் பயிற்சியைத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் சமூகப்பணிக் கல்லூரி உருவானது. நம் நாட்டில் 1975இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1984இல் கெடாவில் நிறுவப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகமும் பின்னர் சமூகப்பணி மேலாண்மைப் படிப்பைக் கொண்டுவந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது.

1997: மூன்று பேர் உட்கார்ந்த மேசை

1996 கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்குத் தனி இடம் கொடுத்தது. அதன்கீழ் 1997இல் சிறப்புக் கல்வி விதிமுறைகள் வந்தன. அதில் 'கற்பிக்கத்தக்கவர்' என்று ஒரு சொல் இருந்தது. பிறர் உதவியில்லாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் பிள்ளைக்குத்தான் இடம். அதை மூன்று தரப்பினர் கொண்ட குழு உறுதிசெய்ய வேண்டும்: ஒரு மருத்துவர், கல்வி அமைச்சின் அதிகாரி ஒருவர், சமூகநல இலாகா அதிகாரி ஒருவர்.

அந்த மூன்றாவது நாற்காலியைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை படிக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் இடத்தில் சமூகநலத் துறையும் உட்கார்ந்திருந்தது. மேசையின் எதிர்ப்பக்கம் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற பிள்ளை, ஒருநாள் இந்த நாற்காலியில் உட்காரும் என்று அன்று யாராவது நினைத்திருப்பார்களா? என் மாணவன் கேட்டது அந்த நாற்காலியைத்தான்.

சட்டம் மாறியது

2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) வந்தது. உடற்குறை, மனக்குறை எதையும் காரணம் காட்டி ஒருவரைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது அதன் 28ஆம் பிரிவு. அரசாங்கமும் தனியார் கல்வி நிலையங்களும் கற்பித்தல் முறை, கருவி, பாடத்திட்டம் ஆகியவற்றில் தகுந்த வசதி செய்துதர வேண்டும் என்றும் சொல்கிறது. பல்கலைக்கழகமும் கல்வி நிலையம்தானே! ஆனால் ஒதுக்கியவருக்குத் தண்டனை என்று அந்தச் சட்டம் எதையும் வைக்கவில்லை. அதன் பலவீனம் அதுதான்.

2013இன் புதிய விதிமுறைகளில் 'கற்பிக்கத்தக்கவர்' என்ற சொல் நீங்கியது. 2019இல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது.

தேர்வு மண்டபத்துக்கு அப்பால்

ஓ.கே.யு. அட்டையில் டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எல்லாம் 'கற்றல் சிரமம்' என்ற பிரிவில் வரும். சிறப்புத் தேவை மாணவர் எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனாலும் 'பிள்ளைக்கு முத்திரை விழுந்திடும், நாளைக்குக் கல்யாணம் ஆகாது' என்று அட்டைக்குப் பயப்படும் பெற்றோரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதிவு செய்வதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் முடிவு. அதனால் என்ன கிடைக்கும் என்று விளக்குவது நம் கடமை.

சமூகப்பணிப் படிப்பில் பாதி உயிர் களப்பயிற்சியில் இருக்கிறது. அங்கே தேர்வு மண்டபத்துக் கூடுதல் நேரம் உதவாது. வேறு உதவிகள் வேண்டும்:

• டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அறிக்கையின் மாதிரிப் படிவத்தை முன்கூட்டியே கொடுங்கள். வீட்டைப் பார்த்து வந்தவுடன் தன் நினைவுகளைத் தனியாக, ஆள் பெயர் சொல்லாமல், குரலில் பதிந்து பிறகு எழுதட்டும். எழுதியதை வாசித்துக் காட்டும் செயலியையும் பயன்படுத்தட்டும்.

• ஆட்டிசம் உள்ளவருக்கு அலுவலகத்தின் சொல்லாத வழக்கங்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை நடித்துப் பார்க்க விடுங்கள். மேற்பார்வையாளரைச் சந்திக்கும் நாளை அடிக்கடி மாற்றாதீர்கள்.

• ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு ஒரு பெரிய வேலையை நாலு சின்ன வேலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேதி குறித்துக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. சமூகப்பணியாளரின் அறிக்கையில் ஒரு பிள்ளையின் வயதோ தேதியோ தப்பாகப் போனால் ஒரு குடும்பமே பாதிக்கப்படும். அதனால் தரத்தைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அதே தரத்துக்கு வேறு வழியில் வந்து சேரட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இதையெல்லாம் என் மாணவனிடம் சொன்னேன். 28ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினான். எழுத்துப்பிழை மட்டும் நான் பார்த்துக் கொடுத்தேன். மாதிரிப் படிவம் கிடைத்தது. குரல் பதிவுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. படிப்பு முடியவில்லை, ஆனால் அவன் நிற்கவும் இல்லை.

உங்கள் வகுப்பிலும் கடைசி வரிசையில் வாசிக்கச் சொன்னால் தலை குனியும் பிள்ளை ஒன்று இருக்கும். பக்கத்துப் பிள்ளை அழுதால் முதலில் எழுந்து போவதும் அதே பிள்ளையாக இருக்கலாம். அடுத்த முறை அதையும் கவனித்துப் பாருங்க.

தேர்வு மாணவர்களுக்கு நினைவுக் குறிப்பு

1946 – சமூகநல இலாகா தொடக்கம்
1952 – மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் பயிற்சி
1975 – மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு
1997 – சிறப்புக் கல்வி விதிமுறைகள்
2008 – மாற்றுத்திறனாளிகள் சட்டம்
2013 – புதிய விதிமுறைகள்
2019 – யாரையும் திருப்பி அனுப்பாக் கொள்கை

கலந்துரையாட: சட்டம் இருந்தும் தண்டனை இல்லாவிட்டால் அது யாரைக் காக்கும்? உங்கள் கருத்தை 80 சொற்களில் எழுதுக.