ரெண்டு ஓட்டையும் ஒரு ஆரஞ்சு பட்டனும்

1979 ஜூலை 1-ம் தேதி ஜப்பானில் சோனி விற்க ஆரம்பிச்ச முதல் வாக்மேனோட படத்தைத் தேடிப் பாருங்க மக்களே. மாடல் பேரு டிபிஎஸ்-எல்2, விலை 33,000 யென். நீலமும் வெள்ளியும் கலந்த டப்பா. ஹெட்போன் குத்துற ஓட்டை ஒண்ணு இல்லை, ரெண்டு இருக்கும். கூடவே ஒரு ஆரஞ்சு பட்டன். எனக்கு அதுல சுவாரசியமே இந்த ரெண்டும்தான்.

கதை இதுதான். சோனியை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான மசாரு இபுகாவுக்கு விமானத்துல பாட்டு கேட்கணும். அப்ப இருந்த செட்டெல்லாம் கனம். சரின்னு நிருபர்களுக்காகச் செஞ்ச 'பிரஸ்மேன்' ரெக்கார்டரை எடுத்து, பதிவு பண்ற வசதியைக் கழட்டிட்டு, ஸ்டீரியோ ஆக்கிக் குடுத்தாங்க. ரெக்கார்ட் பண்ணாத டேப்பை எவன் வாங்குவான்னு விற்பனை ஆட்கள் முனகினதும் நடந்தது.

இன்னொரு நிறுவனர் அகியோ மொரிட்டா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார். தன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திட்ட மாதிரி அவர் மனைவிக்குக் கடுப்பு. (எந்த ஊரா இருந்தா என்ன, வீடு வீடுதான்!) பக்கத்துல ஆள் இருக்கும்போது ஒருத்தர் மட்டும் தனியா பாட்டு கேட்கறது மரியாதைக் குறைவுன்னு அவருக்கும் பட்டுச்சு. உடனே ரெண்டாவது ஓட்டை வந்துச்சு. ஆரஞ்சு பட்டனுக்கு 'ஹாட்லைன்'னு பேரு. அதை அமுக்கினா பாட்டு சத்தம் குறையும், உள்ளே இருக்கற குட்டி மைக் வழியா பக்கத்து ஆள் பேசுறது காதுல விழும். யோயோகி பூங்காவுக்கு நிருபர்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினப்ப கூட, ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள்ல ஒரு ஜோடி கேட்டுக்கிட்டே போச்சு.

அதாவது, தனிமைங்கிற உணர்ச்சியை ஒரு குறையா நினைச்சு, ஹார்டுவேர்லயே அதுக்குப் பேட்ச் போட்டிருக்காங்க. ஆனா வாங்கினவங்களுக்குப் பிடிச்சதே அந்தக் 'குறை'தான். நெரிசல் ரயில்ல நிக்கிறப்ப உங்களுக்குன்னு ஒரு அறை கிடைச்ச மாதிரி. முதல் மாசம் சுமார் 3,000 தான் போச்சு, ஆகஸ்ட் முடியறதுக்குள்ள முதல்ல செஞ்ச 30,000-மும் காலி. பகிர்ந்து கேட்க வேண்டியவங்க ஆளுக்கு ஒண்ணு வாங்க ஆரம்பிச்சாங்க. 1981-ல் வந்த டபிள்யூஎம்-2-ல் ஆரஞ்சு பட்டன் இல்லை. பின்னாடி வந்த மாடல்கள்ல ரெண்டாவது ஓட்டையும் போயிடுச்சு. சோனி பண்ணது வியாபாரமா சரிதான். ஆனா அந்தப் பட்டனைத் தூக்கினதுல எனக்கு இன்னும் மனசு ஒப்பலை.

ஊருக்கும் இது உறுத்தியிருக்கு. 1982-ல் அமெரிக்காவுல, நியூஜெர்சியின் உட்பிரிட்ஜ்ல, ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டாங்க.

2019-ல் ஆப்பிளோட ஏர்பாட்ஸ் ப்ரோ வந்தப்ப, வெளிச்சத்தத்தை மைக் வழியா உள்ளே விடற 'டிரான்ஸ்பரன்சி' மோடைப் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு. நம்ம ஆரஞ்சு பட்டன், 40 வருஷம் கழிச்சு! எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் இந்த மாதிரி ஒண்ணைக் காதுல வச்சுக்கிட்டுதான் கோட் அடிக்கிறாங்க. கூப்பிட்டா கேட்கும்னு தெரியும். இருந்தாலும் ரெண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கறவனுக்கு நான் சாட்லதான் மெசேஜ் தட்டுறேன்.