பூட்டி வைத்த ஏடுகள்

மதம் பரப்ப வந்த ஒருவர் எழுதிய நூலை, அவரை அனுப்பிய மதவாதிகளே அச்சேற விடாது தடுத்தனர் என்றால், வியப்பாக இருக்கிறதல்லவா? வியப்பு வேண்டாம், தோழர்களே! அறிவு வளர்ந்தால் ஆதிக்கம் தளரும் என்ற அச்சம் எந்நாட்டு வைதீகத்துக்கும் பொதுச் சொத்து.

சாக்சனி நாட்டிலே, புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் 1682இல் பிறந்தவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி, தோழர் புளுட்சோவுடன் 1706 சூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு அகவை 24. புராட்டஸ்டண்டு மதத்தின் முதல் தூதர்களாக இந்நாட்டுக்கு வந்தவர்கள் இவ்விருவரே.

மதம் மாற்றவே அவர் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், மாற்ற வந்தவர் முதலில் மாணவரானார். எழுபது வயதுத் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்துக்கே பள்ளியைக் கொண்டுவரச் செய்தார். சிறுவர்களோடு சிறுவராக மணலில் அமர்ந்து, விரலால் ‘அ’ எழுதினார். தமிழனே தமிழைத் தாழ்வென எண்ணி, தேவபாடைக்குத் தலைவணங்கி நின்ற காலம் அது! அன்று அயல்நாட்டார் ஒருவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

எழுத்தறிந்த பின் ஏடு தேடினார். தமக்கு எழுத்தர்களாக இருந்தோரை ஊர் ஊராக அனுப்பி, பார்ப்பனக் கைம்பெண்களிடமிருந்துங்கூட மலிவான விலைக்குச் சுவடிகளை வாங்கினார். 1708இல் தம்மிடம் சேர்ந்த நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் உண்டு. உருவ வழிபாட்டை எள்ளி நகையாடிய சித்தர் சிவவாக்கியரும் உண்டு. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செருமன் மொழியில் பெயர்த்தார். தமிழருக்கு அறநூல் உண்டு, ஒழுக்கம் உண்டு, கல்வி உண்டு என்று தம் நாட்டாருக்கு எடுத்துரைத்தார். காட்டுமிராண்டிகள் வாழும் நாடென்று எண்ணியிருந்த ஐரோப்பியருக்கு அது புதுச் செய்தி.

1711இல் தமிழர் சமயம் பற்றி விரிவான நூலொன்றும், 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களின் வமிசாவளி பற்றி மற்றொன்றும் எழுதி முடித்தார். சிவன், திருமால் முதலாக ஊர்க்காவல் தெய்வங்கள்வரை, மக்கள் எதை எவ்வாறு வணங்கினர் என்பதைக் கேட்டும் படித்தும் குறித்தார். கையெழுத்துப் படிகள் கப்பலேறின.

என்ன வரவேற்பு கிடைத்தது? ஆல் நகரத்திலே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் பேரறிஞர் பிராங்கே. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பினோமேயன்றி, அதன் கட்டுக்கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது அவர் கருத்து. ஏடுகள் பேழைக்குள் உறங்கின. 1713இல் முடிந்த வமிசாவளி, அவர் பெயரோடு சென்னையில் அச்சானது 1867இல். 154 ஆண்டு காத்திருப்பு! அப்போதும் பதிப்பாசிரியர் செர்மான் தம் சேர்க்கைகளைக் கலந்தே வெளியிட்டார். 1711இல் எழுதிய நூல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது 1926இல். மூன்று அறநூல்களின் பெயர்ப்பு 1930இல். மூன்றையும் எழுதிய கரமோ, 1719 பிப்ரவரியிலேயே, 36ஆம் அகவையில் ஓய்ந்துவிட்டது.

இன்னொரு தொகுதியும் உண்டு. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்குவும் உடன் உழைத்த குருண்டலரும் தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, மடல்வழி விடை பெற்றனர். நூறளவில் வந்தன அம்மடல்கள். அடிபணிந்த விடைகளா அவை? எங்களைத் திருத்த வந்த நீங்கள் குடிக்கின்றீர்களே, தூய்மையின்றித் திரிகின்றீர்களே என்று நெஞ்சுயர்த்திக் கேட்டோர் அவர்களில் உண்டு! அம்மடல்கள் செருமன் மொழியில் ஆல் நகரத்தில் அச்சேறின. தமிழ் மூலமோ நமக்குக் கிட்டவில்லை. நம் முன்னோர் கேட்ட கேள்வியை நாம் அயல்மொழி வழியே கேட்க வேண்டிய நிலை!

அச்சுப்பொறி கொணர்ந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், பெண்களுக்குப் பள்ளி திறந்தார் என்று போற்றுவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. சாதி, சிலுவையின் நிழலிலும் குடியேறியது. தரங்கம்பாடித் திருச்சபையில் உயர்ந்தோர் எனப்பட்டோர் ஒருபுறம், தாழ்த்தப்பட்டோர் மறுபுறம் அமர்ந்தனர். 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் குருவாக்கப்பட்டார். உழைப்பில் சளைக்காத இராசநாயக்கனுக்கு அப்பட்டம் கிட்டவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தவர் கையால் மேற்சாதிக் கிறித்தவர் அப்பம் வாங்கார் என்று அஞ்சினர். ஆண்டவன் முன் அனைவரும் சமம் என்ற வாய்களே அஞ்சின!

பிராங்கேயைப் பழிக்கும் நாம் நம் வீட்டையும் பார்த்தல் வேண்டும். அவர் பூட்டினார்; ஆனால் எரிக்கவில்லை. ஆதலால் ஆல் நகரத்துப் பிராங்கே நிறுவனத்தில் அக்காலத்துக் கையெழுத்துகளும் ஓலைகளும் இன்றும் உள்ளன, ஆய்வாளர் படிக்கின்றனர். இங்கோ, பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டது பக்தி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீக்கு இரையாக்கியதைக் கேட்டு நெஞ்சம் புண்பட்டதை உ. வே. சாமிநாதையரே எழுதியுள்ளார். பூட்டியது அங்கே மதம். பொசுக்கியது இங்கே மதம். பூட்டைத் திறக்கலாம். சாம்பலைப் படிக்க முடியுமா?

ஆகவே, இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். பாட்டன் எழுதிய கணக்கு, ஓலை, மடல், மன்றக் குறிப்பு எதுவாயினும் கரையானுக்கு விடாதீர், நூலகத்துக்குக் கொடுங்கள். முதியோர் சொல்வதை எழுதி வையுங்கள். நமக்குப் பிடிக்காத கருத்தாயினும் அழிக்காதீர், படித்து மறுப்போம். படித்து மறுப்பது பகுத்தறிவு. படிக்க விடாது தடுப்பது வைதீகம். நாம் எப்பக்கம் என்பதை நம் பரண்கள் சொல்லட்டும்.