நுளம்புக் குடம்பிக்குள் ஒரு பங்கசு

வீட்டுத் தோட்டத்தில் மழைநீர்ப் பீப்பாய் வைத்திருப்பவர்கள் கோடையில் அதற்குள் நெளியும் நுளம்புக் குடம்பிகளைக் கண்டிருப்பீர்கள். தமிழக நேயர்கள் கொசுப்புழு என்பார்கள். அந்தச் சிறு புழுவின் குடலுக்குள்ளும் பங்கசு, அதாவது பூஞ்சை, வளர்வதுண்டு. மயிரிழை போலக் குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, கடந்து போகும் உணவில் தனக்கானதை உறிஞ்சி வாழும். 1929இல் லெஜே, டுபோஸ்க் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஓடைகளில் வாழும் கருஈயின் குடம்பியில் கண்ட இத்தகைய ஒன்றுக்கு ஹார்பெல்லா என்று பெயரிட்டார்கள். இவை பெரும்பாலும் தீங்கு செய்யாத ஒட்டுக்குடித்தனக்காரர்கள்.

ஆனால் குடலோடு நில்லாமல், தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து குடம்பியையே கொல்லும் பங்கசும் உண்டு. இம்மாத உரை அதைப் பற்றியதே. அதன் பெயர் சீலோமோமைசிஸ். மலாயாவில் பிடித்த நுளம்புக் குடம்பியில் அதைக் கண்டு, 1921இல் முதன்முதலாக விவரித்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய டேவிட் கெய்லின்.

அடுத்து வருபவர் நம்மவர். மண்டயம் ஓசூரி திருநாராயண ஐயங்கார் வங்காளத்தில் மலேரியா நுளம்புகளை ஆராய்ந்தவர். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனத்தின் குடம்பிகளில் இதே பங்கசின் இரண்டு புதிய வகைகளைக் கண்டு 1935இல் வெளியிட்டார். ஒன்றுக்கு இந்தியாவின் பெயரையே வைத்தார். (அந்தப் பெயர்கள் தாவரவியல் விதிப்படி செல்லுபடியாக 1962 வரை காத்திருக்க வேண்டி வந்தது. விஞ்ஞானத்திலும் கந்தோர் நடைமுறை உண்டு!) திருவிதாங்கூரில் யானைக்கால் நோயை ஆராய்ந்தவரும், பின்னர் தென் பசிபிக் தீவுகளில் அதே நோய்க்காகப் பணியாற்றியவரும் இவரே. இவருடைய அண்ணன் எம்.ஓ.பி. ஐயங்கார், பாசியியலில் புகழ்பெற்ற சென்னைப் பேராசிரியர். அவர் இலண்டன் மைல் எண்டில், இன்று குயீன் மேரி எனப்படும் கல்லூரியில், பேராசிரியர் பிரிட்சிடம் ஆய்வு செய்தார். 1932இல் ஒரு பாசிக்குத் தன் ஆசானின் நினைவாகப் பிரிட்சியெல்லா என்று பெயரிட்டார்.

குடம்பியைக் கொல்லும் பங்கசு கிடைத்துவிட்டதே, அதை வளர்த்துக் குளங்களில் தூவினால் நோய் போகுமே என்று பலரும் நினைத்தார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் ஆய்வுகூடத்தில் எவராலும் அதை ஒரு குடம்பியிலிருந்து இன்னொரு குடம்பிக்கு நேரடியாகத் தொற்றவைக்க முடியவில்லை. குளத்து மண்ணையும் நீரையும் சேர்த்துக் கொண்டுவந்து போட்டால் சிலவேளை தொற்றியது. ஏனென்று எவருக்கும் விளங்கவில்லை. விளங்காமலே 1958இல் மார்ஷல் லேர்ட் என்பவர் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பங்கசைப் பசிபிக்கின் டோக்கெலாவ் தீவுக்கூட்டத்திலுள்ள நுகுநோனுவுக்குக் கொண்டுபோனார். அங்கே யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பை ஒழிப்பது நோக்கம். பங்கசு சில இடங்களில் வேரூன்றியது. ஆனால் எதிர்பார்த்தபடி பரவவில்லை.

விடை 1974இல் வந்தது. விஸ்லர், செபோல்ட், ஷெமன்சக் என்ற மூவர் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். இந்தப் பங்கசுக்கு இரண்டு வீடுகள் வேண்டும். இறந்த குடம்பியிலிருந்து வெளிவரும் வித்திகள் இன்னொரு குடம்பியைத் தொடுவதில்லை. சைக்கிளொப்ஸ் என்ற, கண்ணுக்குப் புள்ளி போலத் தெரியும் நீர்ப்பூச்சிக்குள் புகுகின்றன. அங்கே ஆண், பெண் அணுக்கள் உருவாகி இணைந்த பிறகே, புதிய நுளம்புக் குடம்பியைத் தேடி நீந்துகின்றன. குளத்து மண்ணோடு வந்தது என்னவென்று இப்போது புரிந்தது.

இதில் எனக்கு வியப்பு ஒன்று. சைக்கிளொப்ஸ் விஞ்ஞானிகளுக்குப் புதிய ஆளல்ல. நரம்புச் சிலந்தி நோயின் புழு அதற்குள்தான் வளர்கிறது என்று 1870இலேயே பெட்சென்கோ என்ற ரஷ்யர் கண்டிருந்தார். 1899இல் பற்றிக் மான்சன் தொடங்கிய இலண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த லைப்பர், 1905இல் அக்ராவுக்குப் போய், அத்தகைய சைக்கிளொப்ஸைக் குரங்குக்கு ஊட்டி அதை மெய்ப்பித்தார். அந்தப் பள்ளி அப்போது இருந்த ஆல்பேர்ட் டொக், நம்மவர் நிறைந்த ஈஸ்ட்ஹாமிலிருந்து கூப்பிடு தூரம்தான். அப்படியிருந்தும் பங்கசு விடயத்தில் எல்லோருடைய கண்ணும் குடம்பியிலேயே இருந்தது. பக்கத்தில் நீந்திய பூச்சியைப் பார்க்க, கெய்லின் எழுதிய நாளிலிருந்து 53 வருடங்கள் ஆயின. திருநாராயண ஐயங்கார் 1972இல் காலமாகிவிட்டார்.

விடை கிடைத்தும் பங்கசு மருந்தாகவில்லை. நுளம்பையும் சைக்கிளொப்ஸையும் சேர்த்து வளர்த்தாலன்றி அது பெருகாது. அதற்குள் 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் குடம்பிகளைக் கொல்லும் ஒரு பக்டீரியா கிடைத்தது. பி.டி.ஐ. எனப்படும் அதைத் தொட்டிகளில் சுலபமாக வளர்க்கலாம், ஆகவே எல்லோரும் அதன் பக்கம் திரும்பினார்கள். இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதில் பெரும் பங்கு மாத்திரைகளுக்கு.

அதே 2016இல், மலாயாவில் கெய்லினின் பங்கசைத் தாங்கிய அதே ஆசியப் புலி நுளம்பின் முட்டைகள் இங்கே கென்ட் பகுதியில் கண்டெடுக்கப்பட்டன. அதற்குத் தேங்கிய சிறு நீரே போதும். பீப்பாயை மூடி வையுங்கள்.