கிளைகள் பெருகிய கதை

ஒரே மென்பொருளைப் பத்து அலுவலகங்களில் நிறுவ வேண்டும். ஓரிடத்தில் தரவுத்தள முகவரி வேறு, இன்னோரிடத்தில் பிரிண்டர் வேறு. மூல நிரலைப் பத்து நகல் எடுத்து, அதனதன் தேவைக்கு மாற்றிக்கொள்வதுதான் உடனே தோன்றும் வழி. முதல் நாள் தொல்லை ஏதும் இல்லை. ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவரும் நாளில்தான் வினை. பத்திலும் அதே திருத்தத்தைச் செய்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அங்கே கதவு திறந்தே கிடக்கும்.

1972ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதிய எஸ்.சி.சி.எஸ்., 1982ல் வால்டர் டிச்சியின் ஆர்.சி.எஸ்., பிறகு சி.வி.எஸ். என்று வந்த கருவிகளில் எது எப்போது மாறியது, எங்கே கிளை பிரிந்தது என்பதெல்லாம் பதிவானது. ஆனால் பிரிந்ததை மறுபடி இணைப்பது பெரும்பாடு. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் அதை எளிதாக்கியது. அதோடு நோய் தீர்ந்ததா என்றால், இல்லை. அவருடைய லினக்ஸே அதற்குச் சாட்சி.

கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சில்லுகளுக்காக ஒவ்வொரு நிறுவனமும் லினக்ஸ் கர்னலில் தனிக்கிளை வைத்திருந்தது. எந்தப் பலகையில் எந்தக் கருவி எந்த முகவரியில் இருக்கிறது என்ற வெறும் விவரம்கூட சி நிரலாகவே எழுதப்பட்டது. பலகைக்கு ஒரு கோப்பு! இவையெல்லாம் மூலக் கர்னலுக்குள் வந்து குவியவே, 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து பகிரங்கமாகவே சாடினார்.

பவர்பிசி கணினிகளில் முன்பே இருந்த 'டிவைஸ் ட்ரீ' முறை கைகொடுத்தது. பலகையின் விவரம் தனிக் கோப்பாகிவிடும். கணினி துவங்கும்போது கர்னல் அதைப் படித்துக்கொள்ளும். 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7ல், ஒரே கர்னல் பலவகை ஆர்ம் பலகைகளில் ஓடத் தொடங்கியது. ஆனால் அதற்குள் தனிக்கிளைக் கர்னலோடு விற்றுப்போன கைபேசிகள் பல, திருத்தங்களையே காணாமல் மூலையில் முடங்கின.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுக்குப் பக்கத்தில் இடம்பெற்றது. பள்ளிகளுக்கென்று எடுபாஸ், வழங்கிகளுக்கென்று வேறொரு பதிப்பு. இப்படி டெபியனிலிருந்து கிளைத்த எந்த இயங்குதளத்திலும் கைவைக்காத பொதிகளுக்கு டெபியனின் திருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தானே மாற்றிய பொதி என்றால், டெபியன் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மாற்றத்தை யாராவது உட்கார்ந்து மறுபடி பொருத்த வேண்டும்.