கண்ணுக்கு ஒன்று, கணனிக்கு இரண்டு

டிரெஸ்டனில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் தமிழ் வகுப்பின் கணனிகளை ஒரு ஸ்கிரிப்ட்தான் ஒழுங்குபடுத்துகிறது. மாணவர் பெயரைச் சந்தாப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பயனர் கணக்கைத் திறக்கும். கோமதி என்ற பிள்ளைக்கு மட்டும் அது திறக்கவில்லை. சந்தா கட்டவில்லை என்றது. தாயார் பற்றுச்சீட்டோடு வந்து நின்றார். இரண்டு பட்டியலிலும் பெயர் ஒரேமாதிரித்தான் இருந்தது.

இப்படியான பிழையைத் தேடும் ஒழுங்கு இது.

முதலில், பெயரின் இருபுறமும் ஒரு குறியிட்டு அச்சிடுங்கள். ஓரத்தில் ஒளிந்திருக்கும் வெற்றிடம் தெரிந்துவிடும். விண்டோஸில் சேமித்த கோப்பானால், வரி முடிவிலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை லினக்ஸ் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். அதை நீக்குங்கள்.

அடுத்து, நீளத்தை எண்ணுங்கள். எங்களுக்கு ஒரு கோமதி 5 குறியீடுகள், மற்றது 6. யூனிகோட்டில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஜேர்மன் மொழியின் 'ü' எழுத்துக்கும் இதே கதைதான். தரப்படி இரண்டும் சமம். ஆனால் சாதாரண ஒப்பீடு குறியீடுகளை மட்டுமே பார்க்கும். ஆகவே ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றுங்கள். பைதானில் இதற்கு 'நார்மலைஸ்' என்ற கட்டளை உண்டு.

அதனால் தீராதவையும் உண்டு. 'கௌ' என்பதை 'கெ', 'ள' எனத் தட்டியிருந்தால் அது எழுத்துப்பிழை. கையால்தான் திருத்த வேண்டும். பழைய பாமினி எழுத்துருக் கோப்பில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோட்டுக்கு மாற்ற வேண்டும்.

"கிட்டத்தட்ட ஒத்திருந்தால் போதும்" என்று ஒப்பீட்டைத் தளர்த்திவிடாதீர்கள். ஒருவர் கட்டிய பணம் இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் தொகையை மாற்றி எழுதமாட்டோம், பிழையைத்தான் தேடுவோம். நாங்கள் இப்போது பெயரைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, அங்கத்தவர் இலக்கத்தை ஒப்பிடுகிறோம். தாயாரிடம் மன்னிப்பும் கேட்டோம். கணனி சொன்னதை நம்பி, பற்றுச்சீட்டை இரண்டாவதாகப் பார்த்தது எங்கள் பிழை.