டிக்கென்ஸின் திட்டத்தாள்கள்

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கென்ஸ் (1812–1870) தம் தொடர்நாவல்களின் ஒவ்வொரு பகுதியையும் எழுதுவதற்காகத் தயாரித்த குறிப்புத் தாள்கள். அவருடைய பெரிய நாவல்கள் பல, 32 பக்கம் கொண்ட மாதப் பகுதிகளாக, ஒரு ஷில்லிங் விலையில் 19 மாதங்கள் வெளிவந்தன. கடைசி இதழ் இரட்டைப் பகுதி. முன்பகுதிகள் அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்டதால், திரும்பிச் சென்று எதையும் திருத்த வழியில்லை. 'டாம்பி அண்ட் சன்' (1846–48) தொடங்கி அவர் முறையாகத் திட்டமிட்டதற்கு இது முக்கியக் காரணம்.

தாளைக் குறுக்காக வைத்து இரு பாதியாகப் பிரித்துக்கொள்வார். வலப்பாதியில் பகுதி எண்ணும் அத்தியாயத் தலைப்புகளும் நிகழ்ச்சிச் சுருக்கமும்; சிலவற்றை எழுதி முடித்த பின்னரே நிரப்பியிருக்கிறார். இடப்பாதியே அரிய செல்வம். இந்தப் பாத்திரம் இப்போது வரலாமா, இந்த ரகசியத்தை உடைக்கலாமா என்று தம்மையே கேட்டு, 'ஆம்', 'இல்லை', 'இப்போது வேண்டாம்' என்று தாமே பதிலும் எழுதுவார். முடிவுகள் முன்கூட்டியே உறைந்துவிடவில்லை: 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' தொடர் ஓராண்டைக் கடந்த பிறகும், 1850 மே மாதத்தில், நாயகனின் மனைவி டோராவின் கதியை இன்னும் தீர்மானிக்கவில்லை என நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதினார். திட்டமிடல் கற்பனையைக் கட்டிப்போடும் என்போருக்கு இத்தாள்களே தக்க மறுப்பு.

அவருடைய கடைசி நாவலான 'எட்வின் ட்ரூட்' 12 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது; ஆறு மட்டுமே எழுதிய நிலையில் 1870 ஜூன் 9 அன்று டிக்கென்ஸ் இறந்தார். இன்று எஞ்சியுள்ள அவருடைய திட்டத்தாள்களில் பெரும்பாலானவை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஃபார்ஸ்டர் தொகுப்பில் உள்ளன.