பூனை போன பின் வந்த கடி

இராயபுரத்தில் பூனை இல்லாத தெரு இல்லை. காசிமேட்டு மீன் வாசனை எட்டும் தூரம் வரை அவற்றின் இராஜ்யந்தான். அந்தப் பகுதியிலிருந்து வரும் என் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு விசித்திரமான புகாருடன் வந்தார்.

"சார், வீட்டில் எல்லாருக்கும் கணுக்காலில் பூச்சிக்கடி. பூனையால்தான் என்று அம்மா அதைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பூனை போன பிறகு கடி இன்னும் அதிகமாகிவிட்டது! இதற்குப் பௌதிகத்தில் விடை உண்டா?"

பௌதிகத்தில் பாதி விடை உண்டு. மீதிப் பாதி வரலாற்றில் இருக்கிறது. ஏறக்குறைய இதே புதிர்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் துறைமுக நகரங்களைக் கலக்கியது. அன்று அதன் பெயர் பிளேக்.

எலி விழுந்த வீடு

1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. 1896இல் அந்நோய் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் தோன்றிப் பரவியது. அதிகாரிகள் சாக்கடைகளில் கார்பாலிக் அமிலத்தை ஊற்றினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெளிச்சம் புகட்டும் என்று கூரை ஓடுகளையும் பிரித்தார்கள். நோய் அடங்கவில்லை. கிருமி தெரியும், அது மனிதனை வந்தடையும் வழி தெரியாது.

ஆனால் கிராமத்து மக்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள். வீட்டில் எலிகள் செத்து விழுந்தால், அடுத்து மனிதருக்கு ஆபத்து. ஆகவே எலி விழுந்ததுமே வீட்டைக் காலி செய்து வயல்வெளியில் குடிசை போட்டார்கள். எலி செத்தபின் ஆபத்து குறையாமல் கூடுவானேன்?

பூனையிடம் வாங்கிய கடன்

பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி மீது அவருக்குச் சந்தேகம். (தெள்ளு வேறு, உண்ணி வேறு. உண்ணி ஒட்டிக்கொண்டு நகராது. தெள்ளு துள்ளிக் குதிக்கும்.)

1898 ஜூன் 2ஆம் நாள், கராச்சியில் தாம் தங்கியிருந்த ஹோட்டலில் அவர் ஒரு சோதனை செய்தார். பெரிய கண்ணாடி ஜாடியின் அடியில் பிளேக் கண்ட எலியை வைத்தார். அதன் மேல் தெள்ளுகள் போதாவோ என்று, ஹோட்டலைச் சுற்றித் திரிந்த ஒரு பூனையிடமிருந்தும் சிலவற்றை எடுத்து விட்டார்! நோயற்ற வேறோர் எலியைக் கம்பிக்கூண்டில் வைத்து, முதல் எலியைத் தொட முடியாதபடி உள்ளே தொங்கவிட்டார். நோய்ப்பட்ட எலி இறந்தது. சில நாட்களில் கூண்டு எலியும் பிளேக்கினால் இறந்தது. இடையே கடந்து செல்லக்கூடியது தெள்ளு ஒன்றே.

மக்களின் புதிருக்கு இதுவே விடை. எலி செத்து உடல் குளிர்ந்ததும், பசித்த தெள்ளுகள் அதை விட்டிறங்குகின்றன. அருகில் வேறு எலி இல்லையென்றால் மனிதனைக் கடிக்கின்றன.

இரண்டு அடி உயரம்

சிமோன் சொன்னதைப் பலர் உடனே ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பம்பாயில் கிளென் லிஸ்டன் பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளை அவிழ்த்துவிட்டார். வீட்டிலிருந்த எலித்தெள்ளுகள் அவற்றின் மேல் ஏறிக்கொண்டன. 1905இல் தொடங்கிய பிளேக் ஆராய்ச்சிக் குழு பரேலில் சிறு அறைகள் கட்டிச் சோதித்தது. தெள்ளு இல்லாவிட்டால், நோய்ப்பட்ட விலங்கோடு நெருங்கிக் கிடந்தாலும் நோய் பரவவில்லை. தெள்ளு இருந்த அறையில் தரையில் வைத்த விலங்குக்கு நோய் வந்தது; தரையிலிருந்து 2 அடி உயரத்தில் தொங்கிய கூண்டுக்குள் வரவில்லை.

அது ஏன்? இங்கேதான் பௌதிகம் வருகிறது. தெள்ளு ரெசிலின் என்ற மீள்தன்மையுள்ள புரதத்தில் ஆற்றலைச் சேமித்து, உண்டிவில்லைப்போல ஒரே நொடிப்பில் வெளியிடுகிறது. 2011இல் கேம்பிரிட்ஜில் எடுத்த அதிவேகப் படங்களில், முள்ளெலியில் வாழும் ஒருவகைத் தெள்ளு வினாடிக்கு 1.9 மீட்டர் வரை வேகத்தில் தரையை விட்டது. எட்டும் உயரம் v²/2g. கணக்கிட்டால் சுமார் 18 செ.மீ. 2 அடி என்பது 61 செ.மீ.! கடி கணுக்காலில் விழுந்ததற்கும் இதுவே காரணம்.

சென்னையின் அதிர்ஷ்டம்

துறைமுகமும் எலியும் நிறைந்த சென்னை, பம்பாயைப்போல ஏன் அழியவில்லை? கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழும்பும் அளவுக்கு நோய் தாண்டவமாடியதே! கொழும்பில் பணியாற்றிய எல். எஃப். ஹிர்ஸ்டும், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோடு தொடர்புடைய எஃப். டபிள்யூ. கிராக்கும் இதை ஆராய்ந்தனர். பம்பாயில் மிகுந்திருந்தது எலித்தெள்ளின் 'கியோப்பிஸ்' இனம்; சென்னையில் மிகுந்திருந்தது 'ஆஸ்டியா' இனம். ஆஸ்டியா பிளேக்கைப் பரப்புவதில் திறமை குறைந்தது. நம்மைக் காத்தது நம் சுத்தம் என்று பெருமை கொள்ள இடமில்லை.

பூனைமேல் அல்ல, தரையில்

நம் வீட்டுப் பூனை, நாய்களிடம் பெரும்பாலும் இருப்பது வேறோர் இனம்: பூனைத்தெள்ளு. சென்னையில் இன்று அதனால் பிளேக் வருமென்று அஞ்ச வேண்டாம். ஆனால் அரிப்பும், சில சமயம் குழந்தைகளுக்கு நாடாப்புழுவும் வரலாம். அதன் வாழ்க்கையும் தரையோடு பிணைந்தது. பூனையின் உடலில் இடும் முட்டைகள் வழுவழுப்பாக இருப்பதால் உதிர்ந்து விழுகின்றன. புழு, வெளிச்சத்தை வெறுத்து, பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் ஒளிகிறது. கூட்டுப்புழு தன் கூட்டின் மேல் தூசியைப் பூசிக்கொண்டு, சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்கிறது. வெப்பமும் காலடி அதிர்வும் உணர்ந்தால் வெளியே வருகிறது.

இப்போது மாணவர் வீட்டுப் புதிர் விளங்குகிறது. பூனை போனாலும் தரையிலிருந்த முட்டையும் கூடும் போகவில்லை. புதிதாகப் பிறந்த தெள்ளுகளுக்கு மிஞ்சியது மனிதக் கால்களே. எலி விழுந்த வீட்டின் கதையேதான்!

செய்ய வேண்டியவை எளியவை. பூனை படுக்கும் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். கட்டிலடி, மூலை, வெடிப்பு இவற்றை நாள்தோறும் பெருக்கி, ஈரத்துணியால் துடையுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. இதைச் சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும்.

மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். பூனையைச் சீப்பால் வாரி, விழும் கரும்புள்ளிகளை நனைந்த வெள்ளைத்துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். இரவில் தரையில் தட்டு நிறையச் சோப்புநீர் வைத்து, மேலே ஒரு சிறு விளக்கைப் பாதுகாப்பாகத் தொங்கவிட்டால், வெதுவெதுப்பை நாடிக் குதிக்கும் தெள்ளுகள் மூழ்கும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறதல்லவா!

அந்த வீட்டார் முதலில் தரையைக் கவனித்தார்கள். பூனைக்கும் மருந்து போட்டார்கள். பிறகு பூனை திரும்பி வந்தது. தங்கையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம்.